மறு: டிலாமினேஷனுக்கு ஒரு சொல் – ‘அடுக்குவிடல்’

அன்பின் நண்பர்களுக்கு,

பைபர் படகில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அடுக்குகள் பிடிப்பு விட்டுப் போவதை ஆங்கிலத்தில் டிலாமினேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நம் குழுவில் இதுவரை வந்தவை: அடுக்குப் பிரிகை, படலப் பிரிப்பு, படைப்பிரிவு, ஏடு கழலல். இதில் ‘படைப்பிரிவு’ இலங்கைக் காதுக்கு முதலில் சரியாகத்தான் படும். ஓசோன் படை என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். லேயர் என்றாலே எங்களுக்குப் படைதான். ஆனால் சென்னை நண்பர் சொன்னதுபோல, “படகில் படைப்பிரிவு” என்று எழுதினால் கடற்படைச் செய்தி என்றுதான் வாசிப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் வாசிப்பார்கள், எங்களுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல். அதை விட்டுவிடலாம்.

எனக்கு இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய பேக்டரிக் கொட்டகைக்குள், ஒரு பழைய பைபர் பாய்ப்படகு திருத்த வேலையில் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து லொறியில் ஏறி வந்தது. வேலை செய்கிற பாஸ் (மேஸ்திரியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பக்கத்து ஊரான நோர்வூட்காரர், ஏரிகளில் ஓடுகிற அன்னப் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக் கை பழகியவர். அவருக்கும் அவரிடம் வேலை பழகும் பையன்களுக்கும் நான் தமிழில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதிக் கொண்டிருக்கிறேன்.

பாஸ் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் படகை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போகிறார். நல்ல இடத்தில் ‘டக்’கென்று கறாராகக் கேட்கிறது. கெட்ட இடத்தில் ‘டொப்’பென்று மந்தமாக விழுகிறது. அங்கே சோக்கால் வட்டம் போடுகிறார். வட்டத்துக்குள் எழுதச் சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. சிலதற்கு “ஒட்டு விட்டுருச்சு” என்கிறார், சிலதற்கு “ஊறிப் போச்சு” என்கிறார். நாம் இங்கே இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிக்கப் பார்க்கிறோம் என்பதுதான் என் குறை. நோய் வேறு, வைத்தியமும் வேறு.

ஒட்டு விட்டது என்றால், ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசினில்) நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்த கண்ணாடி நார்ப் பாய்களுக்கு நடுவே பிடிப்புப் போய்விட்டது. ரெசின் போதாமல் காய்ந்த இடம், பாறையில் மோதிய இடம், இப்படி. அடுக்குகள் எங்கும் போய்விடவில்லை, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன. அதனால் ‘பிரிகை’ எனக்குப் பொருந்தவில்லை. பிரிந்தது என்றால் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பசை விட்டது, மூட்டு விட்டது என்று நாம் தினமும் சொல்வதுதான் இங்கே நடந்திருக்கிறது. எனவே டிலாமினேஷன் = அடுக்குவிடல். “இந்த இடம் அடுக்கு விட்டிருக்கிறது” என்று வினையாகவும் ஓடும். இடம் சிறிதானால் துளை போட்டு நீர்த்த எபொக்சியை (அதுவும் ஒரு ரெசின்தான்) ஊசியால் ஏற்றி, மேலே பாரம் வைத்தால் போதும். பெரிதானால் தேய்த்தெடுத்துப் புதிதாக அடுக்க வேண்டும். அப்போது விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பது முக்கியம்: தடிப்பைப்போல் 12 மடங்கு. 5 மில்லிமீட்டர் தடிப்புக்கு 60 மில்லிமீட்டர் சரிவு. (ஸ்கார்ஃபுக்குப் புதுச் சொல் தேடாதீர்கள், ‘சரிவு’ போதும்.)

ஊறிப் போனது வேறு கதை. படகின் மேல்தளம் பெரும்பாலும் இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்தது. கயிறு கட்டும் கொண்டிகளுக்குப் போட்ட ஆணித் துளைகளில் நீர் புகாமல் அடைத்த சீலன்ட் காய்ந்து வெடித்ததும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அந்த மரத்தில் பரவுகிறது. மேல் தோல் பளபளவென்றுதான் இருக்கும். நடந்தால் கால் அமுங்கும். கீழிருந்து சின்னத் துளை போட்டால் துரப்பணத்தோடு கறுத்த ஈரத் தூள் வரும். இதற்கு ஊசி எபொக்சி வைத்தியம் பண்ணினால் அழுகல் உள்ளேயே இருக்கும். தோலை வெட்டித் திறந்து, மரத்தைச் சுரண்டி, காய வைத்து, புது மரம் வைக்க வேண்டும். இப்படி நடுவே வைப்பதை ஆங்கிலத்தில் கோர் என்பார்கள், நான் ‘உள்ளடை’ என்கிறேன். நுரைப்பலகை வைத்த படகுக்கும் அது பொருந்தும். நோய்க்குப் பெயர் ‘உள்ளடை ஊறல்’.

மூன்றாவது, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருகிற கொப்புளம். படகுக்காரர்கள் இதை ஒஸ்மோசிஸ் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் பாடநூலில் பிரசாரணம், தமிழ்நாட்டில் சவ்வூடுபரவல். எதைத் தேர்ந்தாலும் ஒரு கரையில் ஆள் முழிப்பார். நடப்பது இதுதான்: ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சைத் தாண்டித் தண்ணீர் மெல்லப் போகிறது, உள்ளே சரியாக இறுகாமல் கிடக்கும் பொருட்களைக் கரைக்கிறது, அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுக்கிறது, அழுத்தம் கூடிக் கொப்புளம் எழுகிறது. கடலைவிட நன்னீரில் இந்த இழுப்பு அதிகம், ஆகவே நீர்த்தேக்கத்துப் படகுக்காரர்கள் “கடலிலேயே நின்ற படகு, குளத்தில் என்ன ஆகும்” என்று சும்மா இருக்கக் கூடாது. குத்தினால் வினாகிரி வாடையோடு நீர் பீறிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குத்தாதீர்கள். அந்த வாடைதான் இதைப் பெயின்ட் கொப்புளத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ‘புளிநீர்க் கொப்புளம்’ என்று வைக்கலாமே? காரணத்தைச் சொல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காட்டிவிடும்.

இவை மூன்றிலும் காயவைத்தல் உண்டு. ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் எதுவும் தானாகக் காயாது. பாஸ் இதை “வாட்டுறது” என்கிறார், கொழுந்து வாட்டுவதுபோல. சுடாமல், காற்றை ஓடவிட்டு, மெதுவாக ஈரத்தை எடுப்பது என்பதால் சொல் அப்படியே பொருந்துகிறது. குறிப்பில் ‘வாட்டல்’ என்றே எழுதிவிட்டேன், யாரிடமும் கேட்கவில்லை.

அப்புறம் ஹாடனர், அதாவது ரெசின் இறுகுவதற்காகக் கலப்பது. பொலியெஸ்டர், எபொக்சி என்ற இரண்டு வகை ரெசினுக்கும் சேர்த்துக் ‘கெட்டியாக்கி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். பொலியெஸ்டரில் ஊற்றுவது நிறையில் 1 முதல் 2 சதவீதம்; குளிருக்குத் தக்கபடி, தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபொக்சியில் அது பாதி வேலைக்காரன், குறித்த விகிதம் மாறவே கூடாது. ஒரே பெயர் இருந்தால், 1270 மீட்டர் உயரக் குளிரில் எபொக்சி இறுகவில்லையே என்று பையன் இன்னும் கொஞ்சம் ஊற்றுவான். அது என்றைக்கும் இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். முன்னதற்குத் ‘தொடக்கி’, பின்னதற்கு ‘இணைக்கூறு’ என்பது என் முன்மொழிவு. ‘ஊக்கி’ என்ற சொல்லையும் இந்தப் பக்கம் விட வேண்டாம். பொலியெஸ்டர் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட் ‘முடுக்கி’யும் தொடக்கியும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். இரண்டு போத்தலிலும் ‘ஊக்கி’ என்று ஒட்டியிருக்கும் கொட்டகைக்குள் நான் கால் வைக்க மாட்டேன்.

அடுக்குவிடலுக்கும் புளிநீர்க் கொப்புளத்துக்கும் மறுப்பு இருந்தால் அவசரமில்லாமல் எழுதுங்கள். உள்ளடை, இணைக்கூறு இரண்டுக்கும் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக. பாஸ் இடது பக்க மேல்தளத்தைத் திறக்கக் கத்தி தீட்டிவிட்டார், குறிப்பை அதற்குள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.