பிள்ளைகளுக்கு இறை அச்சத்தைப் படிப்பிக்கத்தான் வேண்டுமா?

பாசையூர் ரீச்சர்:
எங்கள் பங்குக் கோயிலில் உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறோம். தூய ஆவியின் ஏழு கொடைகளில் கடைசியாக வருவது இறை அச்சம். போன ஞாயிறு ஒரு தாய் வந்து, "அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடுங்கோ ரீச்சர். நாங்கள் பயந்து பயந்து சீவித்தது போதும், பிள்ளைகளுக்கு வேண்டாம்" என்றா. அவவின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் அந்தப் பாடத்தை விடமாட்டேன். கடவுளுக்கு அஞ்சுகிறவருக்குத்தான் உறுதியான நம்பிக்கை இருக்கிறது என்று நினைக்கிறேன். திருப்பாடல் 147ஐப் பாருங்கோ: ஆண்டவர் மகிழ்வது குதிரையின் பலத்திலும் வீரனின் கால்வலிமையிலும் இல்லை, தமக்கு அஞ்சித் தம் பேரன்புக்காகக் காத்திருக்கிறவர்களில்தான். அஞ்சுகிறவரும் காத்திருக்கிறவரும் அங்கே ஒரே ஆள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கரையூரான்:
ரீச்சர் சொல்வது சரி. வாடைக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் பயப்படுகிறவன்தான் கரைக்குத் திரும்பி வருவான்.

மூன்று பிள்ளைகளின் தாய்:
தம்பி, கடல் ஆரையும் நேசிக்காது. கடவுளைப் பற்றிக் கதைக்க அதை ஏன் இழுக்கிறீர்கள்?

நான் அந்தத் தாய் இல்லை, ஆனால் அவவின் பக்கம்தான். என் மூத்தவளுக்குப் பத்து வயது. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் நாள் இரவு கொப்பித் தாள் ஒன்றில் தன் பாவங்களை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவாள், அது சரியாக இல்லை என்று அழிறப்பரால் அழிப்பாள், திரும்ப எழுதுவாள். கடைசியில் தாள் நடுவில் கிழிந்துவிட்டது. "ஒன்றை மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டால் நரகமா அம்மா?" என்று கேட்டாள். சின்னதில் "சாமி கண்ணைக் குத்தும்" என்று பேத்தியார் வெருட்டியது, பிறகு வகுப்பில் கேட்டது எல்லாம் சேர்ந்துதான் அவளை இப்படி ஆக்கியிருக்கிறது. நிறை அன்பு அச்சத்தை அகற்றிவிடும் என்று யோவானின் முதல் திருமுகம் நாலாம் அதிகாரம் சொல்கிறது. அச்சத்தில் தண்டனை இருக்கிறது என்றும் சேர்த்தே சொல்கிறது. அகற்றச் சொன்னதைத் திரும்பவும் பிள்ளையின் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்?

நவாலி மைந்தன்:
அக்கா பிள்ளையைப் பற்றிச் சொன்னா, நான் பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். 1995 ஜூலை 9, இலங்கை இராணுவத்தின் முன்னேறிப் பாய்தல் நடவடிக்கை யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாள். செல்லடிக்குத் தப்பி ஓடி வந்த சனம் எங்கள் ஊர் புனித பேதுருவானவர் கோயிலிலும் அதைச் சுற்றியும் ஒதுங்கியிருந்தது. விமானப்படை விமானம் குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடவுளுக்கு அஞ்சி, அவர் வீட்டிலே காத்திருந்த சனம் அது. குண்டு போட்டவனுக்கு எந்த அச்சமும் இல்லை, இதுவரை ஒருவரும் பதில் சொல்லவும் இல்லை. அஞ்சுகிறவனுக்கு அடைக்கலம் என்று நீதிமொழிகளில் இருக்கிறதே, அந்த அடைக்கலம் அன்றைக்கு எங்கே? இதற்குப் பதில் இல்லாமல் பாடம் நடத்தாதீர்கள்.

வட்டுக்கோட்டை வாசகன்:
நான் தென்னிந்தியத் திருச்சபை. தாயார் சொன்னதற்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் திருப்பாடல் என்கிற சங்கீதம் 130ல் பயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு, அதனால் உமக்குப் பயப்படுவோம். தண்டனையைக் காட்டி வரவழைத்த பயம் அதில் இல்லை. மன்னிப்பு முதலில், பயம் பிறகு. அதே சங்கீதம் அடுத்த வரியிலேயே கர்த்தருக்குக் காத்திருக்கத் தொடங்குகிறது. உங்கள் மகளுக்கு ஒழுங்கு மாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதுதான் கொடுமை.

பாசையூர் ரீச்சர்:
வட்டுக்கோட்டை அண்ணை சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இரண்டு அச்சங்களைப் பிரித்தார். அடிமையின் அச்சம் அடிக்குப் பயப்படுவது. பிள்ளையின் அச்சம் தகப்பனை விட்டுப் பிரிந்துபோவதற்குப் பயப்படுவது. இந்த இரண்டாவதைத்தான் ஆவியின் கொடை என்கிறார். அதை அவர் எதிர்நோக்கு என்ற புண்ணியத்தோடு சேர்த்துத்தான் விளக்குகிறார். கடவுளின் உதவி பொய்த்துவிடும் என்று அந்தப் பிள்ளை பயப்படுவதில்லை. அந்த உதவியிலிருந்து தானே விலகிவிடுவேனோ என்றுதான் பயப்படுகிறது. அக்கா, உங்கள் மகளுக்கு இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யோவான் அகற்றச் சொல்வதும் அந்த முதல் பயத்தைத்தான்.

நவாலி அண்ணை, அடைக்கலம் என்றால் குண்டு விழாது என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மத்தேயு பத்தில் இயேசு சீடரிடம், உடலைக் கொல்கிறவர்களுக்கு அஞ்சாதீர்கள், கடவுளுக்கே அஞ்சுங்கள் என்கிறார். உடல் கொல்லப்படாது என்று அவர் சொல்லவில்லை. அதே மூச்சில் சிட்டுக்குருவியைப் பற்றிச் சொல்லி, ஆகவே அஞ்சாதீர்கள் என்று முடிக்கிறார். கடவுளுக்கு அஞ்சத் தேவையில்லை என்றால் குண்டு போட்டவனுடையதுதான் கடைசி வார்த்தை. எல்லாரும் போய்ப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு வெருட்டல் இல்லை. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு றோட்டுக் கரையில் இருக்கிற அம்மாமாருக்கு அதைவிட வேறு என்ன பிடி இருக்கிறது?

விடுதலைப் பயணம் முதலாம் அதிகாரத்தில் இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள், சிப்ரா, பூவா. ஆண் குழந்தைகளைக் கொல்லுங்கள் என்பது பார்வோனின் கட்டளை. கடவுளுக்கு அஞ்சியதால் அவர்கள் அதைச் செய்யவில்லை, குழந்தைகள் பிழைத்தன. நான் படிப்பிக்க நினைக்கிற அச்சம் இதுதான்.

நவாலி மைந்தன்:
மருத்துவச்சிகளின் கதை நல்லது, அதை ஏற்கிறேன். ஆனால் "மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் சனத்தை வாய் மூடி இருக்கப் பழக்கினார்கள். லூக்கா பதினெட்டில் வருகிற கைம்பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போனாள்.

பாசையூர் ரீச்சர்:
போகத்தான் வேண்டும். அந்த நீதிபதியைப் பற்றி இயேசு முதலாவதாகச் சொல்வதே அவன் கடவுளுக்கு அஞ்சாதவன் என்பதைத்தான். அதையும் பார்க்க வேண்டாமா அண்ணை?

நவாலி மைந்தன்:
பார்க்கிறேன். ஆனாலும் நான் கேட்டதற்கு அது முழுப் பதில் இல்லை.

மூன்று பிள்ளைகளின் தாய்:
ரீச்சர், இவ்வளவும் பெரிய ஆட்களுக்கு விளங்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அடிமையின் அச்சம், பிள்ளையின் அச்சம் எல்லாம் என்ன தெரியும்? வகுப்பில் வாயைத் திறந்து முதலாவதாக என்ன சொல்வீர்கள்?

பாசையூர் ரீச்சர்:
மன்னிப்பைத்தான் அக்கா. 130ஐ வாசித்து, ஒரு பாவம் மறந்துபோனால் நரகம் இல்லை என்று நேரே சொல்லுவேன். திருச்சபையும் அப்படித்தான் சொல்கிறது: நேர்மையாக யோசித்துப் பார்த்தும் மறந்துபோனது மற்றவற்றோடு சேர்ந்தே மன்னிக்கப்படும். அப்புறம் மருத்துவச்சிகளின் கதை. வாற ஞாயிறு திருப்பலி முடிய வகுப்பு. மகளோடு நீங்களும் வந்து பின்வாங்கில் இருங்கோ. நான் சொல்வது பிடிக்காவிட்டால் அங்கேயே கையை உயர்த்துங்கோ.