1912 படத்துக்கு 15 நிமிடமா?

கீழக்கரை சபராளி:
நேற்று ஒருவர் 1912-இல் எடுத்த குடும்பப் படத்தைப் போட்டு, "15 நிமிடம் ஆடாமல் நிற்க வைத்ததால் யாரும் சிரிக்கவில்லை" என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது 1839-இல் பிரான்ஸின் டாகர் வெள்ளித் தகட்டில் படம் பிடித்த காலத்துக் கணக்கு. 1851-இல் இங்கிலாந்தின் ஆர்ச்சர் ஈரத் தகட்டை (மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடிக்கும் கண்ணாடி) கொண்டுவந்ததும் படம் பதியும் நேரம் விநாடிக் கணக்காகிவிட்டது. அப்புறம் முன்கூட்டியே பூசிக் காயவைத்த உலர் தகடு வந்து இன்னும் குறைந்தது. 1912-இல் ஏது 15 நிமிடம்?

மண்டபத்தான்:
போட்டது நான்தான், நேராகவே சொல்லலாம். நிற்கிறவர் காலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் அடிப்பாகம் தெரிகிறதே, பார்த்தீர்களா? தலையைப் பின்னாலிருந்து பிடிக்கிற கவ்வி அது. 15 நிமிடம் நிற்காதவருக்கு அது எதற்கு?

கீழக்கரை சபராளி:
ஜன்னல் வெளிச்சத்தில் சில விநாடி ஆடினாலே முகம் கலங்கிவிடும் தம்பி, அதற்குத்தான் தாங்கி. சிரிக்காதது கௌரவத்துக்காக. கொழும்புக்குச் சபர் (வெளியூர்ப் பயணம்) போனவர் கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாக நின்று ஊருக்கு அனுப்பிய படங்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. பெண் வீட்டாரும் கடன் கொடுத்தவரும் பார்க்கிற படத்தில் பல்லைக் காட்டுவார்களா? உங்கள் படத்தில் அந்த அம்மாவின் சேலை கறுப்பாக இருக்கிறது. அது சிவப்பாகவே இருந்திருக்கலாம். அந்தக் காலத்துச் சாதாரணத் தகட்டில் சிவப்பு பதியாது, கறுப்பாகத்தான் தெரியும்.

தேவிபட்டினம் டீச்சர்:
படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த காலம் அது. பயந்தவருக்கு எங்கே சிரிப்பு வரும்? இதைச் சொன்னால் சபராளி காக்கா (அண்ணன்) மதிக்க மாட்டார். முன்பு சங்கு குளிப்பு (கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது) பற்றிப் பேசியபோதும் என்னை இப்படித்தான் ஒதுக்கினார்.

கீழக்கரை சபராளி:
சங்கை ஏன் இழுக்கிறீர்கள்? அதிலும் நான் சொன்னதுதான் சரி. பயந்தவர் காசு கொடுத்து ஸ்டூடியோவுக்குப் போவாரா?

மண்டபத்தான்:
சேலையும் சங்கும் இருக்கட்டும். 15 நிமிடம் என்று சொன்னது என் அப்பத்தா. அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?

கீழக்கரை சபராளி:
அப்பத்தா சொன்னது பவுடர் பூசி, திரை மாட்டி, ஆளை ஆள் நகர்த்தி நிறுத்திய நேரம். லென்ஸ் மூடி திறந்திருந்தது விநாடிகள்தான். எத்தனை தடவை சொல்வது?

மண்டபத்தான்:
என் அப்பத்தாவைப் பொய்க்காரி ஆக்காதீர்கள். கீழக்கரைக்காரர்களுக்கு மட்டும்தான் கௌரவமா? மண்டபத்தில் நின்றவர்களுக்குக் கிடையாதா?

கீழக்கரை சபராளி:
ஊரை நான் இழுக்கவே இல்லை. நீங்கள் 15 நிமிடத்துக்கு ஆதாரம் காட்டுங்கள்.

மண்டபத்தான்:
தாங்கிதான் ஆதாரம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.