நாம இனிமே மிடில் கிளாஸ் இல்லன்னு உங்களுக்கு எப்போ உறைச்சுது?

வாடகைக்காரன்:
வீட்டுக் கடனுக்கு பேங்க் போனேன், வீட்ல ரெண்டு சம்பளம், எந்தத் தவணையும் பாக்கி இல்ல, கிரெடிட் ஸ்கோரும் நல்லா இருக்கு. ஆஃபீசரம்மா ஸ்கிரீனைப் பாத்துட்டே இருந்தாங்க, அப்புறம் சாதாரணமா "சார், அப்பா பேர்ல சொத்து ஏதாச்சும் இருக்கா?"ன்னாங்க. முன்பணத்துக்காகத்தான் கேட்டாங்க, தப்பில்ல. ஆனா பக்கத்து டேபிள்ல என்கூட வேலை பாக்குற பையன், அதே சம்பளம், அப்பாவோட பத்திரத்தைக் கொண்டாந்தான், உக்காந்த சூடு ஆறுறதுக்குள்ள கையெழுத்து முடிஞ்சிருச்சு.

ரெண்டுங்கெட்டான்:
எங்களுக்கு உறைச்சது பொண்ணோட ஃபீஸ் சலுகை கேக்கப் போனப்ப. வருமான வரம்பைக் கொஞ்சூண்டு தாண்டிட்டோமாம். கவுன்ட்டர்ல இருந்தவர் ஃபாரத்தை என் பக்கம் தள்ளிட்டு "அந்த இன்க்ரிமென்ட் வராம இருந்திருக்கலாம் மேடம்"னாரு. கிண்டல் இல்ல, நெசமாவே பாவப்பட்டுச் சொன்னாரு, அதான் இன்னும் குடையுது. பொண்ணு வேற பக்கத்துலயே நிக்கிறா.

கணக்குப்புலி:
வாடகைக்காரன் ப்ரோ, கோச்சுக்காதீங்க, மிடில் கிளாஸ் தேயுதுன்னா எல்லாரும் கீழ விழறாங்கன்னு அர்த்தம் இல்ல. ப்யூங்கற ஆய்வு நிறுவனத்தோட கணக்குப்படி அமெரிக்காவுல நடு வருமானக்காரங்க 1971ல 61 சதவீதம், 2021ல 50. ஆனா அதே காலத்துல கீழ்த்தட்டு 25லேர்ந்து 29 ஆச்சு, மேல்தட்டு 14லேர்ந்து 21. மேல போனவங்கதான் ஜாஸ்தி. எனக்கும் வேலை போச்சு, சேமிப்பு இருந்துச்சு, சமாளிச்சேன். ஆறு மாசச் செலவைத் தனியா எடுத்து வைங்க, கிரெடிட் கார்டை மொதல்ல அடைங்க, வட்டி ஜாஸ்தியா இருக்குற கடன்லேர்ந்து ஆரம்பிங்க, டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்க, வீடே வாங்காதீங்க, வாடகைக்கு இருந்துட்டு மிச்சத்தை மாசாமாசம் இண்டெக்ஸ் ஃபண்ட்ல (பங்குச் சந்தைக் குறியீட்டோட சேந்து ஏறி இறங்குற ஃபண்ட்) போடுங்க, சம்பளம் ஏறுறப்ப அந்தத் தொகையையும் ஏத்துங்க, மார்க்கெட் விழுந்தா பயந்து வெளிய எடுக்காதீங்க.

வாடகைக்காரன்:
அதே ஆய்வை இன்னும் கொஞ்சம் கீழ படிங்க ப்ரோ. மொத்த வருமானத்துல நடுத்தரக் குடும்பங்களோட பங்கு 1970ல 62 சதவீதம், 2020ல 42. மேல்தட்டோடது 29லேர்ந்து 50. ஆள் எண்ணிக்கையை மட்டும் காட்டுறீங்க, காசு எங்க போச்சுன்னு சொல்லலியே. அட்வைஸ் நான் கேக்கவும் இல்ல.

பழைய ஆளு:
ஒத்தச் சம்பளத்துல வீடு கட்டினவன் நான். பசங்களுக்குச் சிக்கனம் தெரியலன்னு திட்டிட்டு இருந்தப்ப மகன் கேட்டான், "எவ்ளோ சேத்தீங்கன்னு சொல்லாதீங்கப்பா, வீட்டு விலை உங்க எத்தன வருசச் சம்பளம்னு சொல்லுங்க." பழைய பாஸ்புக்கை எடுத்துப் பாத்துட்டு மூடி வச்சிட்டேன். வீடு, படிப்பு, வைத்தியம் மூணும் விலைவாசியை விட வேகமா ஏறிருச்சுன்னு ஓஇசிடி, அதான் பெரும்பாலும் பணக்கார நாடுகளோட பொருளாதார அமைப்பு, 2019லயே சொல்லிருக்கு. தம்பி கணக்குப்புலி, ஃபண்ட்ல போடறதுக்கு மாசக் கடைசில மிச்சம்னு ஒண்ணு வேணும்ல?

ரெண்டுங்கெட்டான்:
சண்டை அப்புறம் போடுங்க. சலுகை கெடைக்காம மேல்முறையீடு பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா, என்னென்ன பேப்பர் கேப்பாங்க?