மறு: [கலைச்சொல்] கமாண்ட் லைன் ஆர்கியூமென்ட்: ‘வாதம்’ வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆர்கியூமென்ட் (கட்டளை வரியில் நிரலுக்குத் தரும் சொல்) வரும் இடமெல்லாம் ‘வாதம்’ என்று விழுந்திருக்கிறது. “-எஃப் தெரிவுக்கு வாதம் தேவை” என்று படிப்பவர் வைத்தியரைத்தான் தேடுவார். (தெரிவு என்பது ஆப்ஷன்: கட்டளை செயல்படும் விதத்தை மாற்ற, கோட்டுக்குறியோடு தருவது.) அதை நீக்குவது எளிது. ஆனால் ஆர்கியூமென்ட் என்ற ஒரே சொல்லைப் புழக்கத்தில் மூன்று பொருளுக்கு வைத்துக்கொள்கிறோம். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை அவற்றைப் பிரித்தே பேசுகிறது: கட்டளைப் பெயருக்குப் பின் வரும் எல்லாச் சொற்களும் ஒன்று, ஒரு தெரிவு கேட்கும் மதிப்பு ஒன்று, எந்தத் தெரிவையும் சாராமல் நிற்பது இன்னொன்று.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? கோப்புகளைத் தொகுக்கும் டார் கட்டளையின் இந்த வரியைப் பாருங்கள்:

டார் -சிஎஃப்வி படம்.டார் படங்கள்

-சிஎஃப்வி என்பது மூன்று ஓரெழுத்துத் தெரிவுகளின் கூட்டு. அதில் ‘எஃப்’ தொகுப்பின் பெயரை மதிப்பாகக் கேட்கும் தெரிவு. அதை ஒட்டி நிற்கும் ‘வி’யையே கோப்புப் பெயராக எடுத்துக்கொள்ளும். ‘வி’ என்ற பெயரில் தொகுப்பு உருவாகும். ‘படம்.டார்’ உள்ளே போடவேண்டிய கோப்பாகிவிடும். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பிழை வரும். -சிவிஎஃப் என்று ‘எஃப்’ஐக் கடைசியில் வைத்தால் சரி. இதை ஒருவருக்கு விளக்க மூன்று பெயர் வேண்டும்.

என் முன்மொழிவு: பொதுப்பெயர் ‘தருசொல்’. தெரிவைச் சார்ந்தது ‘தெரிவு மதிப்பு’. மூன்றாவது, அதாவது ஆப்பரண்ட், ‘செயப்படுபொருள்’.

---

> மூன்றாவது, அதாவது ஆப்பரண்ட், ‘செயப்படுபொருள்’.

ஐயா, ‘தருசொல்’ நன்று. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தந்ததும் தருவதும் அடங்கும். ஆர்கியூமென்ட்டுக்குச் ‘செயலுருபு’ பழைய கலைச்சொல் பட்டியல்களில் உண்டு என்றாலும், உருபு என்றதும் வேற்றுமை உருபுதான் நினைவுக்கு வருகிறது.

செயப்படுபொருள் மட்டும் நிற்காது. ஆர்எம் கட்டளைக்குப் பொருந்தும்: கோப்பை அழி. நகலெடுக்கும் சிபி கட்டளையில் முதல் சொல் ‘ஐ’ ஏற்கும், கடைசிச் சொல் போய்ச்சேரும் இடம். காத்திருக்கச் சொல்லும் ‘ஸ்லீப் 5’ என்பதில் ஐந்து நொடி எந்தப் பொருள்?

‘தனிச்சொல்’ போதாதா? நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் ஈற்றில் தனித்து நிற்பதற்கு அந்தப் பெயர்தான். இங்கும் எந்தத் தெரிவோடும் ஒட்டாமல் நிற்கிறது. தெரிவுகள் முடிந்ததைக் காட்டும் ‘--’ குறியை வைத்து ஒரு சோதனை: “‘--’க்குப் பின் வருவதெல்லாம் தனிச்சொல்.” விதி ஒரே வரியில் முடிந்தது. அடைவில் ‘-ஆர்எஃப்’ என்று பெயரிட்ட கோப்பு இருக்கும்போது ‘ஆர்எம் *’ (எல்லாக் கோப்புகளையும் அழி) கொடுத்தால் அந்தப் பெயர் தெரிவாகிவிடும். ‘ஆர்எம் -- *’ என்றால் தனிச்சொல்லாகவே இருக்கும், ‘./*’ என்றாலும் தப்பலாம். தனியாக நிற்கும் ‘-’ ஒற்றைக்கோடும் தனிச்சொல்தான், பல கருவிகளில் அது இயல் உள்ளீட்டைக் (ஸ்டாண்டர்ட் இன்புட்) குறிக்கும்.

பார்சிங் (தந்த சொற்களைப் பிரித்து இனங்காண்பது) என்பதற்குப் ‘பாகுபடுத்தல்’ எழுதியிருக்கிறார்கள். பாகுபாடு காட்டுவது போல் ஒலிக்கிறது. ‘பகுப்பு’ போதும்.

---

தனிச்சொல்லுக்கு என் ஆதரவும். ஆனால் ‘பகுப்பு’ இரண்டு வேலைக்கும் போய்விடக் கூடாது. வரியை இடைவெளி பார்த்து வெட்டுவதும், மேற்கோளை உரிப்பதும், * குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பதும் ஷெல், அதாவது நாம் தட்டும் வரியை வாங்கி நிரலை இயக்கும் கருவி. நிரலின் கைக்கு வரும்போது மேற்கோள் இருந்த சுவடே இராது. “என் படம்” மேற்கோளுக்குள் இருந்தால் ஒரு தருசொல், இல்லாவிட்டால் இரண்டு. நிரலில் எவ்வளவு பகுத்தாலும் இதைத் திருத்த முடியாது. ஷெல் செய்வதைப் ‘பதம் பிரித்தல்’ என்போம். நிரல் செய்வது ‘தருசொல் பகுப்பு’.

நிரல் எழுதுவோர் கவனத்துக்கு: தெரிவுகளைப் பகுத்துத் தரும் கெட்ஆப்ட் செயற்கூறு தன் இயல்பில், தெரியாத தெரிவுக்கும் மதிப்பு விடுபட்டதற்கும் ‘?’ ஒன்றையே திருப்பும். தெரிவுச் சரத்தின் (நிரல் ஏற்கும் தெரிவுகளைச் சொல்லும் எழுத்துவரிசை) முதல் எழுத்தாக ‘:’ வைத்தால் விடுபட்ட மதிப்புக்கு ‘:’ வரும். தன் ஆங்கிலப் பிழைச்செய்தியையும் அச்சிடாது. அப்போதுதான் தமிழ்ச் செய்திகளைத் தனித்தனியாகக் காட்டமுடியும்:

“-எஃப் என்ற தெரிவுக்கு மதிப்பு தரவில்லை”
“-இசட் என்ற தெரிவு இல்லை”
“தனிச்சொல் விடுபட்டுள்ளது”
“மிகையான தனிச்சொல்: படங்கள்”

‘என்ற’ வேண்டுமென்றே சேர்த்தது. மாறிவரும் எழுத்தோடு உருபை நேரே ஒட்டினால் ‘-எஃப்க்கு’, ‘-இசட்டுக்கு’ என்று ஒவ்வொன்றுக்கும் சந்தி மாறும். நிரலால் அதைச் சமாளிக்க முடியாது. உருபைத் ‘தெரிவு’ தாங்கட்டும்.

நெடுந்தெரிவு (‘--’ இட்ட முழுச்சொல்), குறுந்தெரிவு (‘-’ இட்ட ஓரெழுத்து) என்ற பெயர்களுக்கு மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.