பழைய ஆர்டிஎக்ஸ் 3080-ஆ, புதிய ஆர்டிஎக்ஸ் 5060-ஆ? ஒரே காசுக்கு எது தேறும்?

இரவுப்பறவை:
கிராஃபிக்ஸ் கார்டு வாங்க, கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, வேறொருவர் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி வீடியோ மெமரி. இன்னொன்று, பெட்டி பிரிக்காத ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி. இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. என் மானிட்டர் 1440பி, 1080பி-யை விடக் கூர்மையான திரை. மதர்போர்டு பிசிஐஇ 3.0 (கார்டைச் செருகும் இணைப்பின் பழைய தலைமுறை) காலத்தது. பவர் சப்ளை 650 வாட், தரமானது. கேம்தான் முக்கியம், அவ்வப்போது வீடியோ எடிட்டிங்கும் உண்டு. நான்கு வருடமாவது ஓட வேண்டும். புதுசு வாங்கு, பழசு போதும் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எனக்குக் காரணம் வேண்டும்.

பாஸ்கல்_பக்தன்:
3080. யோசிக்கவே வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் காரணம் கேட்டிருக்கிறீர்கள்.

கார்டின் பெயரில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறையைச் சொல்கிறது, கடைசி இரண்டு இலக்கம் தகுதியைச் சொல்கிறது. எல்லோரும் முதல் இலக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் கடைசி இலக்கத்தைப் பார்ப்பவன். 3080, 2020 செப்டம்பரில் வந்தபோது உயர்நிலை கார்டு. 320 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் உள்ள பாதையின் அகலம்), நொடிக்கு 760 ஜிபி பேண்ட்விட்த் (அந்தப் பாதையில் போகும் தரவின் அளவு). 5060, 2025 மே மாதத்தில் வந்த ஆரம்பநிலை கார்டு. 128 பிட் பஸ். புதிய வகை ஜிடிடிஆர்7 மெமரி போட்டும் நொடிக்கு 448 ஜிபிதான் வருகிறது. ஐந்து வருட வளர்ச்சியால் இந்த இடைவெளி முழுக்க அடைபடவில்லை. ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) இல்லாத சாதாரண கேமில், அதுவும் உங்கள் 1440பி-யில், 3080 தெளிவாகவே முன்னால் நிற்கும்.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், பாஸ்கல் தலைமுறையில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ பிரியன் நான். 2017-இல் வந்த கார்டு, 11 ஜிபி. நான்கு வருடம் கழித்து ஆர்டிஎக்ஸ் 3060 வந்தபோதும் ரே டிரேசிங் இல்லாத கேம்களில் அதற்குப் பக்கத்திலேயே ஓடியது. நல்ல தகுதியில் பிறந்த கார்டு சீக்கிரம் கிழடாவதில்லை.

கம்பிக்காரன்:
பாஸ்கல் அண்ணா, 1080 டிஐ-யை நீங்களே இழுத்ததால் அதன் கதையை முழுவதும் சொல்லிவிடலாம். 2023 அக்டோபரில் 'ஆலன் வேக் 2' வந்தது. மெஷ் ஷேடர் (காட்சியின் வடிவங்களை வேகமாகக் கையாளும் புதிய முறை) வசதி இல்லாததால் அந்தக் கார்டு திணறியது. அடுத்த வருடம் வந்த பேட்ச்தான் நிலைமையைக் கொஞ்சம் சரிசெய்தது. 2024 டிசம்பரில் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' வந்தது, அதற்கு ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். 2025 மே மாதத்தில் 'டூம்: தி டார்க் ஏஜஸ்', அதற்கும் அப்படியே. 2025 அக்டோபரோடு பாஸ்கல் கார்டுகளுக்குப் புதிய கேம் டிரைவரும் நின்றுவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். வேகம் குறைந்து போனதால் அந்தக் கார்டு ஓய்வு பெறவில்லை. உள்ளே இல்லாத வசதிகள்தான் அதை ஓய்வுக்கு அனுப்பின. 3080-க்கும் அந்த நாள் 5060-ஐ விட முன்னாலேயே வரும்.

அடுத்தது மின்சாரம். 3080 320 வாட், 5060 145 வாட். வித்தியாசம் 175 வாட். தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் ஆண்டுக்குச் சுமார் 190 யூனிட். நண்பர் நான்கு வருடக் கணக்குப் போடுகிறார், அப்படியென்றால் 760 யூனிட்டுக்கு மேல். வாங்கும் நாளில் ஒரே விலையாகத் தெரிவது போகப் போக ஒரே விலையாக இருக்காது. அந்த வெப்பம் முழுதும் அறைக்குள்தான் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 650 வாட் பவர் சப்ளை. 3080-க்கு என்விடியாவே பரிந்துரைத்தது 750 வாட். இந்தக் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு 320 வாட்டைத் தாண்டி வெகுதூரம் எகிறும். சில பவர் சப்ளைகள் அந்த எகிறலை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு மொத்த கணினியையும் அணைத்துவிடும். 5060-க்கு 550 வாட் போதும், அதற்கு எட்டு முனை இணைப்பு ஒன்றே ஒன்று.

பாஸ்கல்_பக்தன்:
1080 டிஐ-க்கு நடந்தது 3080-க்கு அப்படியே நடக்கும் என்று சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1080 டிஐ, ரே டிரேசிங் என்ற ஒன்று கார்டுகளில் வருவதற்கு முந்தைய வடிவமைப்பு. 3080 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தது. ரே டிரேசிங், மெஷ் ஷேடர், டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நீங்கள் சொன்ன மூன்று கேமும் 3080-இல் ஓடும். பிளேஸ்டேஷன் 5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ம் வந்தது அதே 2020 நவம்பரில். பெரிய கேம்கள் அந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதப்படும் வரை 3080-ஐ எந்தக் கேமும் வாசலிலேயே நிறுத்தாது.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4-இல் வந்த புதிய அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும்) மாடல் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கொடுக்கப்பட்டது. பழைய கார்டில் அது கொஞ்சம் கூடுதல் வேகத்தை விழுங்கும், ஆனால் படம் அதே தெளிவோடு வரும். அதன் ஃப்ரேம் ஜெனரேஷன் (வரைந்த ஃப்ரேம்களுக்கு நடுவில் புதிய ஃப்ரேமை உருவாக்கிச் செருகுவது) மட்டும்தான் 3080-க்குக் கிடையாது. அதற்கும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 (அதே போன்ற தொழில்நுட்பம்) உள்ள கேம்களில் வழி உண்டு.

மின்சாரக் கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் 320 வாட் என்பது உச்சவரம்பு. அண்டர்வோல்ட் செய்து, அதாவது சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்து, 250 வாட் அருகே நிறுத்தினால் சில சதவீத வேகம்தான் போகும். ஃப்ரேமுக்கு வரம்பு வைத்தால் இன்னும் கீழே இறங்கும். எகிறலும் அதோடு தணியும்.

சதுரன்:
இருவரும் ஒரு விஷயத்தைத் தொடாமலே போகிறீர்கள். நண்பரின் மதர்போர்டு பிசிஐஇ 3.0. என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

5060 எட்டு லேன் கார்டு, லேன் என்பது பிசிஐஇ இணைப்பில் தரவு போகும் தடம். பிசிஐஇ 5.0 போர்டில் எட்டு லேன் தாராளம். அதே கார்டை 3.0 போர்டில் செருகினால் கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போகும். 3080 பதினாறு லேன், அதே போர்டில் சுமார் 16 ஜிபி. வீடியோ மெமரி நிரம்பாத வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிரம்பியதும்தான் கதை மாறும். கார்டில் இடம் இல்லாத டெக்ஸ்சர்கள் கணினியின் ரேமுக்குத் தள்ளப்படும். தேவைப்படும்போதெல்லாம் அங்கிருந்து இழுத்து வர வேண்டும். தன் சொந்த மெமரியில் நொடிக்கு 448 ஜிபி படிக்கும் சிப், மிச்சத்துக்காக 8 ஜிபி பாதையில் காத்து நிற்கும். திரையில் அது திடீர்த் திடீர் நிறுத்தமாகத் தெரியும்.

இன்னொன்று, இது சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையில் சரியாகத் தெரியாது. சராசரி 70 என்று காட்டும், ஆனால் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் படம் தடுக்கும். சில கேம்கள் தடுக்காமலேயே சமாளிக்கும், எப்படி என்றால் சத்தமில்லாமல் மங்கலான டெக்ஸ்சரைப் போட்டுவிடும். ஃப்ரேம் எண்ணிக்கை அப்படியே இருக்கும், சுவரும் தரையும் மட்டும் குழம்பிப் போயிருக்கும். வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு கார்டும் ஒன்றாகத் தோன்றும். ஆகவே ஒப்பீட்டு வீடியோ பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான 1 சதவீத ஃப்ரேம்களின் எண்ணைப் பாருங்கள். சோதித்த போர்டு எந்தத் தலைமுறை என்றும் பாருங்கள். பெரும்பாலும் புதிய போர்டில்தான் சோதிக்கிறார்கள், உங்கள் நிலைமை அதில் வராது.

ஃப்ரேம் ஜெனரேஷனை நம்பி 5060 வாங்கச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வசதியே தனக்கென்று வீடியோ மெமரி எடுத்துக்கொள்ளும். இடம் ஏற்கெனவே போதாத கார்டில் அதைப் போட்டால் இருப்பதும் குறையும்.

கம்பிக்காரன்:
லேன் விஷயம் நல்ல கருத்து. ஆனால் 10 ஜிபி மட்டும் என்ன வாழ்கிறது? வித்தியாசம் 2 ஜிபிதான். 8 திணறும் இடத்தில் 10 இன்று தப்பிக்கலாம், இரண்டு வருடம் கழித்து அதுவும் அதே சுவரில்தான் முட்டும். 3080-க்கு வெளியான நாளிலேயே வந்த விமர்சனம் அந்த 10 ஜிபிதான். நான்கு வருடம் என்பவருக்கு அதை எப்படிச் சிபாரிசு செய்கிறீர்கள்?

சதுரன்:
அதனால்தான் நான் இரண்டையுமே சிபாரிசு செய்யவில்லை. கொஞ்சம் கூடப் பணம் சேர்க்க முடிந்தால் 16 ஜிபி கார்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 2025 ஜூனில் வந்தது, 160 வாட், பதினாறு லேன். அந்தப் பழைய போர்டுக்கு இதைவிடப் பொருத்தமான புதிய கார்டு இல்லை. எஃப்எஸ்ஆர் 4-ம் அதில் உண்டு. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி-யும் நல்லதுதான், ஆனால் அது எட்டு லேன். 16 ஜிபி இருப்பதால் அடிக்கடி நிரம்பாது என்பது ஆறுதல். பயன்படுத்தியதில்தான் வேண்டும் என்றால் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி, அதுவும் 16 ஜிபி. ரே டிரேசிங்கில் மட்டும் 3080-ஐ விடச் சுமார்.

இரவுப்பறவை:
கூடுதல் பணம் இப்போதைக்கு முடியாது. சில மாதம் பொறுத்தால் முடியலாம். எடிட்டிங் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கம்பிக்காரன்:
எடிட்டிங்கில் 5060 மேல். ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவத்தில் வீடியோவை எழுதும் வசதி அதில் உண்டு, 3080-இல் படிக்கும் வசதி மட்டும்தான். 4:2:2 வண்ணத்தில் (வண்ணத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) கேமரா எடுத்த காட்சிகளை நேரடியாகக் கையாளும் திறனும் 50 வரிசையில்தான் வந்தது. நீங்கள் எதில் படம் எடுக்கிறீர்கள்?

இரவுப்பறவை:
போனில்தான். சாதாரண எச்.265. வெளியே அனுப்புவதும் அதே வடிவத்தில்.

கம்பிக்காரன்:
அப்படியென்றால் இரண்டு கார்டும் அந்த வேலையைச் செய்துவிடும். அந்த வாதத்தை நான் இழுக்கவில்லை. வாரண்டி வாதத்தை மட்டும் விடமாட்டேன். செகண்ட் ஹேண்டில் கொடுத்த பணத்துக்கு அடுத்த மாதமே கார்டு செத்தால் கேட்க ஆள் கிடையாது. அந்தத் தலைமுறை கார்டுகளில் எத்தனையோ, எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டம்பரில் அந்த மைனிங் நின்றதும் அவை மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. உங்களுக்கு வரப்போவது எந்தக் கார்டு என்று யாருக்குத் தெரியும்?

தென்றல்விசிறி:
கார்டு பழுது பார்ப்பது என் தொழில், அதனால் இதில் மட்டும் தலையிடுகிறேன். மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டை ஒதுக்க வேண்டாம். ஒரே சூட்டில் தொடர்ந்து ஓடிய சிப்பை விட, சூடாகிச் சூடாகி ஆறிய சிப்பின் சாலிடருக்குத்தான் அலுப்பு அதிகம். மைனிங் கார்டில் தேய்வது ஃபேன். அடுத்தது மெமரி சூடு. 3080-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் இயல்பிலேயே சூடு அதிகம் தரும் மெமரி. 110 டிகிரி அருகே போனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தெர்மல் பேட் (மெமரியின் சூட்டைக் கடத்தும் மெல்லிய பட்டை) காய்ந்த கார்டுகளில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

வாங்கும் முன் கார்டு ஓடும்போது நேரில் பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரி ஜங்ஷன் சூடு என்று தனியாகக் காட்டும். கனமான கேம் அரை மணி நேரம் ஓடட்டும். 100-க்கு மேலேயே நின்றால் பேட் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் வீடியோ மெமரிச் சோதனை இருக்கிறது, அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசக்கூட வேண்டாம். ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். திருகில் ஸ்க்ரூடிரைவர் தடம் இருப்பது குற்றமில்லை, யாராவது பேஸ்ட் மாற்றியிருக்கலாம். ஏன் திறந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். விற்பவர் ஓட்டிக் காட்ட மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பாஸ்கல்_பக்தன்:
இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. இப்படிச் சோதித்து எடுத்த 3080-க்கு எதிராக 3.0 போர்டில் 8 ஜிபி கார்டு நிற்காது.

கம்பிக்காரன்:
புதிய போர்டு, 1080பி மானிட்டர் என்றால் இப்போதும் 5060 என்றுதான் சொல்வேன். சிறிய பெட்டிக்குள் கணினி வைத்திருப்பவருக்கும் அதுதான். இந்த நண்பரின் போர்டும் 1440பி-யும் சேரும்போது சதுரன் சொன்ன லேன் கணக்கு என் பக்கத்தைப் பலவீனமாக்குகிறது, அது உண்மை. ஆனாலும் ஓட்டிப் பார்க்காத 3080 வேண்டவே வேண்டாம்.

இரவுப்பறவை:
எல்லோருக்கும் நன்றி. 3080 விற்பவர் ஓட்டிக் காட்டச் சம்மதித்திருக்கிறார். தென்றல்விசிறி சொன்ன இரண்டு சோதனையிலும் தேறினால் எடுக்கிறேன். தேறாவிட்டால் 5060 பக்கம் போகாமல், பொறுத்திருந்து 9060 எக்ஸ்டி 16 ஜிபி. என் 650 வாட் பவர் சப்ளையோடு 3080-ஐ இணைக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

கம்பிக்காரன்:
உண்டு. பெரும்பாலான 3080-களில் எட்டு முனை இணைப்பு இரண்டு இருக்கும், சிலவற்றில் மூன்று. பவர் சப்ளையிலிருந்து ஒரே கேபிளில் கிளை பிரிந்து வரும் இரண்டு முனையையும் அதில் செருகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் போடுங்கள். முதல் நாளே அண்டர்வோல்ட் செய்துவிட்டு, பிறகு கேமைத் திறங்கள். கணினி சட்டென்று அணைந்தால் கார்டைக் குறை சொல்லும் முன் இங்கே வந்து எழுதுங்கள், பவர் சப்ளையிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.