கோவலன் இரண்டாவது கசெட்: ரெக்கோடிங் பார் அனுபவங்கள்

முள்ளியவளையிலிருந்து:

எங்கள் பக்கம் ஸ்ரூடியோ என்று எவரும் சொன்னதில்லை. ரெக்கோடிங் பார்தான். முன்பக்கம் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை, பின்னால் சுவரெல்லாம் சாக்கு அடித்த ஒரு சின்ன அறை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றறியும் வன்னிக்குத் தடை. லைட் மிசினை, அதாவது ஜெனரேற்றரை, சொட்டுப் பெற்றோலில் இழுத்து ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் அதன் இரைச்சல் கசெட்டில் ஏறிவிடும். அதனால் கடைக்கார அண்ணை பகலில் ஒரு பழைய கார் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்து, ஊர் அடங்கிய பிறகு அதில்தான் பதிவார்.

அப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குபவர். கோவலன் கூத்தைப் பதிய என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூத்தாடும் களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கும், திரும்பித் திரும்பிப் பாடித்தான் அவருக்குப் பழக்கம். அறைக்குள்ளும் அப்படியே பாட, குரல் வந்து வந்து போனது. அண்ணை யோசித்துவிட்டு மைக்கைக் கூரை வளையில் கயிறு கட்டி, அப்பாவின் தலைக்கு மேலே தொங்கவிட்டார். மத்தளக்காரரை வாசலுக்கு வெளியே இருத்தினார். சரியாக வந்தது!

விடிய விடிய ஆடும் கூத்து, இரண்டு கசெட்டில் பதிந்தோம். 90 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். பக்கம் முடியப்போகும்போது அண்ணை என் தோளைத் தட்டுவார், நான் அப்பாவின் வேட்டியை இழுக்க வேண்டும். கண்ணகி வரவில் நான் பாட்டிலேயே நின்றுவிட்டேன், இழுக்கவில்லை. அந்த இடத்தில் பாட்டு அறுந்து நிற்கிறது.

2009இல் முதல் கசெட் மட்டும் எங்களோடு முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தது. இரண்டாவதும் அண்ணையும் இல்லை. யாரிடமாவது பிரதி இருக்கிறதா?

புதுக்குடியிருப்பிலிருந்து:

அண்ணா, அம்மம்மாவின் தாலாட்டை நாங்களும் அப்படி ஓர் அறையில்தான் பதிந்தோம். புதுக் கசெட் கிடைக்காத காலம். வீட்டில் இருந்த சினிமாப் பாட்டுக் கசெட்டைக் கொடுத்தோம். அதன் முதுகில் இருக்கும் இரண்டு ஓட்டைகளையும் செலோரேப்பால் மூடினால் மேலே பதியலாம். தாலாட்டு முடிகிற இடத்தில் பழைய சினிமாப் பாட்டு பாதியிலிருந்து கேட்கும். அதனால் படப்பெயர் போட்ட கசெட் என்று எதையும் எறிந்துவிடாதீர்கள், முதலில் முதுகைப் பாருங்கள். இன்னொன்று, கசெட்டின் பிளாஸ்ரிக் ஓடு வெடித்திருந்தால் ரெக்கோடரில் போட வேண்டாம். திருகாணி போட்ட கசெட் என்றால் கழற்றி, நாடாவை வேறு ஓட்டுக்குள் மாற்றலாம். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். அவசரப்பட்டால் நாடா முறுகும்.

முள்ளியவளையிலிருந்து:

நன்றி தங்கச்சி. வவுனியாவில் மாமி வீட்டுப் பெட்டியில் அப்பா கொடுத்துவிட்ட சினிமாக் கசெட்டுகள் 11 இருக்கின்றன. நான்கில் செலோரேப் ஒட்டியிருக்கிறது. மூன்று கேட்டுவிட்டேன், வேறு பாட்டுகள்தான், கூத்து இல்லை. நாலாவதின் ஓடு வெடித்திருக்கிறது. திருகாணி ஐந்தும் இருக்கின்றன. நாளை பகல் வெளிச்சத்தில் கழற்றப்போகிறேன்.