வெள்ளைப் புள்ளியோடு மூச்சு வாங்கும் கோல்டு பிஷ்: உதவி தேவை

கேள்வி (காட்பாடி)

வணக்கம். வீட்டில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி. 3 கோல்டு பிஷ், போன வாரம் வாங்கி விட்ட 2 பிளாக் மோலி. சில நாளாகக் கோல்டு பிஷ் உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு ஓடுகின்றன. ஒன்று மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். ஊற்றிய பிறகும் புள்ளி கூடித்தான் இருக்கிறது. எங்களுடையது போர் தண்ணீர், உப்பு அதிகம். மொத்தமாக எடுத்துவிட்டுக் கேன் தண்ணீர் ஊற்றலாமா? ஹீட்டர் இல்லை. பெரிய மீன் என் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது வாங்கியது. எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

பதில் (சத்துவாச்சாரி)

கேன் தண்ணீர் வேண்டாம் சார். அது ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர், அதில் தாது கிட்டத்தட்ட இல்லை. திடீரென்று மாற்றினால் நோயோடு அந்த அதிர்ச்சியும் சேரும். கோல்டு பிஷ், மோலி இரண்டுக்குமே கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். புள்ளி செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வரிசையாக இருக்கிறதா? ஆண் கோல்டு பிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அப்படி வரும், அது நோயே இல்லை. காலையில் தண்ணீர் எத்தனை டிகிரி?

கேட்டவர் (காட்பாடி)

இல்லைங்க, வால், முதுகு, எல்லா இடத்திலும் இருக்கிறது. மோலி மேலும் பளிச்சென்று தெரிகிறது. விடியற்காலையில் 21 டிகிரி.

பதில் (வாலாஜாபேட்டை)

அப்படியென்றால் வெள்ளைப் புள்ளி நோய்தான் தம்பி. புது மீனோடு வந்திருக்கும். மார்கழிக் குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருக்கும்.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும் வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் கீழே விழுந்து, கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை தண்ணீரில் நீந்தி மீனைத் தேடுகிற அந்த நேரத்தில்தான் நாம் கொல்ல முடியும். சுமார் 2 நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் தானாகவே செத்துவிடும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிரில் இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் சூடு ஏற்றச் சொல்கிறோம்.

50 வாட் ஹீட்டர் ஒன்று வாங்குங்கள். மணிக்கு 1 டிகிரிக்கு மேல் ஏறாமல் மெதுவாக 28க்குக் கொண்டு போங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும்.

அப்புறம் கல் உப்பு. லிட்டருக்கு 2 கிராம். உங்கள் தொட்டியில் கல் போக 50 லிட்டர் என்று வைத்தால் 100 கிராம். தனியாகக் கரைத்து, காலை, மாலை, மறுநாள் காலை என்று மூன்று பங்காக விடுங்கள். செடி இருந்தால் அதற்கு உப்பு ஆகாது. மீன் இல்லாத வாளியில் 2 வாரம் போட்டு வையுங்கள்.

நீல மருந்தை நிறுத்திவிடுங்கள். பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவை அது கெடுக்கும்.

பதில் (ராணிப்பேட்டை)

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேலே வந்து மூச்சு வாங்குவது செவுளில் ஒட்டுண்ணி ஏறியதாலும் இருக்கலாம், மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவாலும் இருக்கலாம். அதை உடைப்பது பில்டர் பாக்டீரியாதான், அதனால் நீல மருந்துக்குப் பிறகு அமோனியா ஏறியிருக்க நிறைய வாய்ப்பு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8க்கு மேல் இருப்பது சாதாரணம். பிஎச் 7.2இல் தாங்கும் அமோனியா, 8.2இல் ஏறக்குறைய 9, 10 மடங்கு விஷம். டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். பில்டர் ஸ்பான்ஜைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் படவே கூடாது.

கேட்டவர் (காட்பாடி)

அமோனியா 1 காட்டியது. 15 லிட்டர் மாற்றி, ஹீட்டரும் உப்பும் போட்டிருக்கிறேன். மேலே நின்ற மீன் கீழே இறங்கிவிட்டது, தீனியும் எடுத்தது. ரொம்ப நன்றி. மோலி மேல் இருந்த புள்ளி ஒரே நாளில் மறைந்துவிட்டது. இனி உப்பை எடுத்துவிடலாமா?

பதில் (வாலாஜாபேட்டை)

இப்போது எடுக்காதீர்கள் தம்பி. மறைந்தது என்றால் கீழே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இனிதான் குஞ்சுகள் கிளம்பும். கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் சூடும் உப்பும் அப்படியே இருக்கட்டும். அமோனியா இறங்கும் வரை தினமும் 15 லிட்டர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும், அதில் 30 கிராம் உப்பைக் கரைத்து விடுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மட்டும் உப்பு வேண்டாம், அது ஆவியில் போகாது. எல்லாம் முடிந்ததும் உப்பில்லாத தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் தானாகக் குறைந்துவிடும்.